பதினொரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மச்சான் ராகுலனுக்கு,

நாங்கள் நலம் என்று தொடங்கினால் பொய். கனடாவில் நீராவது சுகமாயிரும். நின்றுகொண்டு எழுதுவதால் கையெழுத்துக் கோணல், மன்னிக்கவும்.

உமது அக்கா ஜெகதீஸ்வரிக்கு வலது தொடையெலும்பு முறிந்து, கம்பி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. விழவில்லை. பால் பொங்குகிறதென்று அடுப்புப் பக்கம் திரும்பினாள், டக்கென்றது, அவ்வளவுதான். யார் நம்புகிறார்கள்? பார்க்க வருகிற எல்லாரும் அப்பிளோடு அதே கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். "விழேல்லை" என்று சொல்லிச் சொல்லிக் களைத்து, கீழ்வீட்டு றலியா "எங்க உழுந்தீங்க?" என்றபோது, "பாத்றூமில" என்று அவளே ஒப்புக்கொண்டாள். உடனே றலியா என்னைப் பார்த்து, "அண்ணன், பாத்ரூம கழுவுறல்லயா?" என்றா.

டொக்டர் மட்டும் வேறு கேள்வி கேட்டார். "எலும்புக் குளிசை எவ்வளவு காலமாப் போடுறா?"

"பதினொரு வருஷம் டொக்டர், ஒரு ஞாயிறும் தப்பேல்லை" என்றேன் பெருமையாக. மனுசன் தலையில் கை வைத்தார். எலும்பைப் பலப்படுத்த நல்ல குளிசைதானாம், ஆனால் கனகாலம் விடாமல் போட்டால் அரிதாகச் சிலருக்கு இப்படி முறியுமாம். ஐந்து வருடத்தில் வந்து காட்டச் சொல்லி முதல் டொக்டர் துண்டு எழுதித் தந்தவர்தான். அதைப் பத்திரமாகப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டோம். வாற போற ஆக்களிடம் நீர் குளிசை தந்துவிட, டொக்டரிட்டை ஏன் போகவேணும்? ஆறு மாதமாய்த் தொடை உளையுது என்றாள். எண்ணெய் பூசு என்றேன். பிழை என்னுடையது, உம்முடையதல்ல.

இடது தொடையிலும் மெல்லிய வெடிப்பொன்று தெரிகிறதாம். அதுவும் போனால் என்ன செய்வேன் மச்சான், எனக்கு நித்திரையே இல்லை. கையெடுத்துக் கும்பிடுகிறேன், இனி ஒரு குளிசையும் அனுப்ப வேண்டாம்.

ஆரணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி.

இப்படிக்கு,
எலும்பு முறியாத அத்தான்,
யோகநாதன்

பி.கு.: நேற்று உமது பார்சல் வந்தது. இரண்டு வருடத்துக் குளிசை. எறியப் போனேன். "தம்பி உழைச்சு வாங்கினது, எறியிறதோ? எனக்குத்தானே கூடாது, நீங்கள் போடுங்கோ" என்றாள். இன்று காலை ஒன்று போட்டுவிட்டேன். அரை மணித்தியாலம் தேத்தண்ணி இல்லை, படுக்கவும் கூடாது. அவளுடைய சட்டப்படி கதிரையில் இருக்கவும் கூடாது, அதுதான் நின்றுகொண்டு எழுதுகிறேன். கட்டிலில் கிடந்தபடி மணி பார்த்துக்கொண்டு, கால் முறிந்த பிறகு இன்றைக்குத்தான் சிரிக்கிறாள். பார்சலை நிறுத்த வேண்டாம்.