குரல் டாக்டரின் காது

குரல் டாக்டர் என்று ஓர் இனம் உண்டு. காதையும் மூக்கையும் மற்ற டாக்டர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தொண்டையோடு மட்டும் குடித்தனம் நடத்துகிறவர்கள். நீங்கள் பேச ஆரம்பித்தால் இவர் கண்ணை மூடிக்கொள்வார். ரசிக்கிறார் என்று நினைத்தீர்களா? பாவம் நீங்கள்.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, "ஈ... சொல்லுங்க" என்பார், திரையில் உங்கள் குரல் நாண்கள் படபடப்பதைப் பார்த்துப் பூரிப்பார், போனில் பதிவு செய்துகொள்வார், கத்தாதே, கனைக்காதே, ஒரு வாரம் வாயையே திறக்காதே, கிசுகிசுத்தால் இன்னும் கெடுதல் என்று இருபது நிமிஷம் மூச்சுவிடாமல் பேசுவார். கூட வந்த கணவர்கள், "ரெண்டு வாரமாப் போட்டுடுங்களேன் டாக்டர்" என்று குழைவார்கள். அது வேறு இனம், விடுங்கள்.

இவருக்குக் குரல் கேட்கும். சேதி கேட்காது. அதுதான் கோளாறு.

எனக்குத் தெரிந்த குரல் டாக்டருக்கு ஒரே மகள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரி அறைக்கே வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போனை நீட்டினார். "இன்னொரு தரம் சொல்லு." சொன்னாள். "கொஞ்சம் இழுத்துச் சொல்லு." அழுதுகொண்டே இழுத்தாள். நாண் வீங்கியிருக்கிறது என்று தீர்மானித்து, ஒரு வாரம் மௌனம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்பா தன் வாயை அடைக்கிறார் என்று எடுத்துக்கொண்ட பெண், அப்புறம் பேசவே இல்லை. வீட்டில் என்னடாவென்றால், எவ்வளவு அடக்கமான பெண் என்று மெச்சிக்கொண்டு மண்டபத்தில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ உங்ககிட்ட வந்தாளே, என்ன சொன்னா?"

"முதல்ல காத்து கலந்து வந்தது. கடைசில உடைஞ்சிடுச்சு."

"அட ராமா! என்ன வார்த்தை சொன்னா?"

டாக்டர் போனை எடுத்தார். "நீயே கேளேன், எவ்வளவு அழகா உடையுது பாரு" என்று பதிவைப் போட்டுக் காட்டினார். அம்மாவுக்கு ஒரு தரம் கேட்டதே போதுமாக இருந்தது.

கல்யாணம் அன்றைக்கே நின்றது. இரண்டே நாளில் மகளின் குரல் கணீரென்று ஆகிவிட்டது. மௌன சிகிச்சைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று டாக்டர் இப்போது கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் உங்களிடம் வந்து ஏதோ சொன்னார்களே, என்ன சொன்னார்கள்? "வழக்கம்போலக் கத்தினாங்க" என்பதைத் தவிர ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

டாக்டராவது பதிவு செய்து வைத்திருந்தார்.