பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கட்சி மாறிய மாமன்

தலைச்சோலை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகள் வெண்ணிலாவுக்குத் தாய்மாமன் மாதையன் எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். அங்கு நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. உன் அத்தை கேட்கச் சொன்னாள், கேட்டாகிவிட்டது. போனில் பேசினால் வாயில் வேறு வார்த்தை வந்துவிடும், ஆகவே கடிதம்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, குடும்பத்தாரின் கருத்தையும் கேட்டறிந்து, என் மீசையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, ஏற்காடு சலூனில் அதை நிறைவேற்றியும் விட்டேன். காரணம் உன் முதல் நாவல். அதில் மேல்சோலை என்று ஓர் ஊர், அங்கே காப்பித் தோட்டமும் கட்சிப் பதவியுமாக மாதப்பன் என்று ஒரு தாய்மாமன், அவருக்கு மை பூசிய மீசை. கற்பனைக்கு நீ பட்ட சிரமம் தெரிகிறது.

மையைக்கூட மன்னிப்பேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவர் சீட்டுக்காகக் கட்சி மாறுகிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் இருபது வருஷமாக ஒரே கட்சி. ஒன்றியக் கவுன்சிலர் சீட்டு இந்தத் தடவை எனக்கு என்றுதான் பேச்சு. சிபாரிசு செய்ய வேண்டியவர் எங்கள் ஒன்றியச் செயலாளர் ஆண்டனி ராஜ்; பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று சொல்லும் நாகரிகமான மனிதர். மருமகள் எழுதியதாச்சே என்று உன் நாவலை நானே அவர் கையில் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். நான் படித்தேனா என்று கேட்காதே. பொன்னாடைக்குப் பதில் கொடுக்கிற புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? இந்த மனுசன் படித்துவிட்டார் கண்ணு! குப்பனூர் ரோட்டில் மண் சரிந்து காருக்குள் அரைநாள் கிடந்தாராம், கையில் வேறொன்றும் இல்லையாம்.

மறுநாளே போன். "ஏனுங்க மாதையன், எப்பங்க அந்தப் பக்கம் போறீங்க?"

"ஐயோ, அது கதைங்க."

"கதைன்னாலும் சொந்த மருமவ எழுதுனதுங்களே, ஊட்டு விசயம் தெரியாமயா இருக்கும்?"

"அந்தாளு வேற ஊருங்க."

"அப்பறம் ஏனுங்க அவரு மீசை உங்க மூஞ்சில இருக்குது?"

அதற்குத்தான் சலூன். எடுத்துவிட்டுப் போய் நின்றால், 'அடையாளத்தையே மாத்திட்டாரு, ஆளு கெளம்பியாச்சு' என்று கட்சி ஆபீசே கைகொட்டிச் சிரிக்கிறது. இது போதாதென்று எதிர்க்கட்சி கிறிஸ்துதாஸ் மாரமங்கலத்திலிருந்து வந்து, காப்பிக்கொட்டை காயும் என் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நாங்களும் படிச்சோமுங்க. மாதப்பன் எங்ககிட்ட வர்ற எடம் நொம்ப உருக்கமுங்க" என்கிறார். நான் மானமுள்ளவன், எந்திரிச்சுப் போங்க என்று கத்தினேன். உன் அத்தை சின்னத்தாயி அந்த நாவலை இரண்டு தடவை படித்தவள். வந்தவருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, "ஏனுங்க, கத்தாதீங்க. மாதப்பனும் மொதல்ல இப்பிடித்தான் கத்துறாரு" என்கிறாள்.

ஆகவே, என் மாமன் கட்சி மாறாதவர், மாறத் தெரியாதவர் என்று நீ உடனே ஆண்டனி ராஜுக்குக் கைப்பட எழுத வேண்டும். அடுத்த பதிப்பில் மாதப்பனைப் பெரியப்பா ஆக்கிவிடு. ஏன் சாமி, உங்கப்பன் ஊட்டுப் பக்கம் ஆளே இல்லையா?

எவ்வளவு கோபம் இருந்தாலும் தாய்மாமன் ஆசீர்வாதம் உனக்கு உண்டு. சேர்வராயன் சாமி உன் உடம்புக்குச் சுகமும் உன் பேனாவுக்கு நல்ல புத்தியும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் ஒரே கட்சி,
மாதையன்

பி.கு.: இந்த வாரம் அலைச்சலில் கடிதத்தைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. வியாழக்கிழமை கிறிஸ்துதாஸ் கட்சியில் சேர்ந்துவிட்டேன், சீட்டும் கொடுத்துவிட்டார்கள். பழைய கட்சி சார்பில் உன் அத்தை நிற்கிறாள்.