ஓய்வு பெற்ற சித்தப்பா தினமும் வேலைக்கு வருவது குறித்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே என் வேலையைத் தவிர மற்ற எல்லோரும் நலம். உங்கள் முழங்காலும் சித்தியின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை மாத்திரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நீங்கள் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. மாலை போட்டு, போட்டோ எடுத்து, உங்கள் மேசையையும் கம்ப்யூட்டரையும் என்னிடம் ஒப்படைத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினோம். அப்படியிருக்க, தினமும் காலை பத்து ஐந்துக்கு ஏன் ஆபீஸுக்குள் நுழைகிறீர்கள்?

சர்வர் அறையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, அதன் சூட்டில் டிபன் பாக்ஸை வைத்து எடுப்பீர்களே, அதுதான் உங்களைக் காட்டிக்கொடுத்தது. யார் பாஸ்வேர்டு போட்டாலும் அதுதான் ஆளைச் சரிபார்த்து உள்ளே விடுகிறது. விட்டதை ஒரு வரி எழுதியும் வைத்துக்கொள்கிறது. ஏழு வருடமாக அந்த வரிகளை ஒருவரும் படித்ததில்லை. யார் காதில் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும் அந்தப் பெட்டிமேல் எனக்கு ஒரு பரிவு உண்டு. வீட்டில் என் பிழைப்பும் அதுதான்.

போன மாதம் எங்கள் மேலாளர், அதாவது எதைச் சொன்னாலும் "ரெண்டு நிமிஷ வேலை" என்பதால் ரெண்டு நிமிஷம் என்றே பெயர் வாங்கியவர், அந்த வரிகளையெல்லாம் க்ளவுடில் உள்ள ஒரு கண்காணிப்புக் கம்பெனிக்கு உடனுக்குடன் அனுப்பிவைக்கச் சொன்னார், அவர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் படித்துக்கொண்டே இருப்பார்களாம், சந்தேகம் வந்தால் கூப்பிடுவார்களாம். பெட்டிக்கு நேராக க்ளவுடோடு பேசத் தெரியாது என்பதால் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தபால்காரராக வைத்தேன், அது வாங்கிய வரியை அப்படியே கொடுக்காமல் ஒவ்வொன்றிலும் தன் முகவரியை ஒட்டி அனுப்பிவிட்டது, ஆபீஸில் உள்ள இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதாக அங்கே தெரிய, பெரிய தாக்குதல் என்று நினைத்து எல்லோரையும் பூட்டிவிட்டார்கள். அரை நாள் யாராலும் வேலை செய்ய முடியவில்லை. அன்று நிலவிய நிம்மதியைப் பார்த்தால் எனக்கு விருதே கொடுத்திருக்க வேண்டும். முகவரிக் கோளாறை இன்னும் சரிசெய்யவில்லை, ரெண்டு நிமிஷ வேலைதான்.

இந்தக் கூத்து ஓய்ந்த பிறகுதான் கண்காணிப்புக் கம்பெனிப் பெண் போன் செய்து, ஓய்வு பெற்றவர் கணக்கு ஒன்று உயிரோடு இருக்கிறது என்றாள். உங்கள் பெயரைச் சொன்னாள். "மேடம், உங்க ஆபீஸ்லயே ஒழுங்கா வர்றது இவர் ஒருத்தர்தான். அதான் சந்தேகமா இருக்கு" என்றாள்.

உங்கள் வரிகளை உட்கார்ந்து படித்தேன். வேலையில் இருந்தபோது பதினொன்றுக்கு முன்னால் வந்து பழகாதவர் இப்போது பத்து ஐந்துக்கு வருகிறீர்கள். ஐந்தரைக்குப் போகிறீர்கள். போன மாதம் பன்னிரண்டாம் தேதியிலிருந்து மூன்று நாள் உங்களைக் காணோம். அதே மூன்று நாள் நானும் காய்ச்சலில் கிடந்தேன். நமக்குள் ஓடுவது ஒரே ரத்தம் என்று கண் கலங்கிவிட்டது. ஒருவருடைய வருகையையும் போக்கையும் இப்படி வரி வரியாகப் படிக்கும்போது, கூடவே இருந்த காலத்தில் அவரைக் கவனிக்கவே இல்லை என்று படுகிறது. கூச்சமாகவும் இருந்தது, விடவும் முடியவில்லை.

சித்தியிடம் மெதுவாக விசாரித்தேன். "பத்து மணி ஆனா மாடி ரூமுக்குப் போயிடறாரும்மா. கதவைச் சாத்திக்கிறாரு. கேட்டா, ஆபீஸ் வேலைங்கிறாரு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "அங்கேதான் சித்தி சந்தேகமே" என்று சொல்லித் தொலைத்தேன்.

நுழைந்தவர் யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். "நுழைஞ்ச ஆளு மேல போலீஸ்ல புகார். ஆபீஸ்ல யாராவது கதவைத் திறந்துவிட்டிருந்தா அவங்க வீட்டுக்குப் போகலாம்" என்கிறார் ரெண்டு நிமிஷம். ஓய்வு பெற்றவர்களின் கணக்கை மூடுவது என் வேலை என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. ஆகவே சித்தப்பா, என்ன பார்க்கிறீர்கள், எதற்குப் பார்க்கிறீர்கள் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரை என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் என் பெயர் போய்விடும். சிறு வயதில் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்துக் கீழே தள்ளியதை இத்துடன் மன்னித்துவிடுகிறேன்.

உங்கள் இருவர் காலிலும் விழுந்து எழுந்ததாக நினைத்து, வழக்கம்போல் ஆசீர்வதிக்கவும். சித்திக்குத் தனியாக என் அன்பு, பொறுமையாக இருக்கும்படியும் சொல்லவும்.

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை எடுக்க இரண்டாம் மாடிப் பிரிண்டருக்குப் போனேன். அங்கே ஒவ்வொரு காகிதத்தின் தலையிலும் அனுப்பியவர் பெயர் அச்சாகும். உங்களுக்கு எழுதிய கடிதம் உங்கள் பெயரில் வந்து விழுந்தது. அந்தப் பிரிண்டருக்கு உங்கள் பாஸ்வேர்டை நீங்கள் ஒருமுறை கொடுத்துவைத்தது, உங்களிடமிருந்து எனக்கு வந்த கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. காலையில் நான் வந்து கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அது உங்கள் பெயரைச் சொல்லிப் பெட்டியின் கதவைத் தட்டுகிறது. முகவரிக் கோளாறைச் சரிசெய்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும், பத்து ஐந்துக்கு வருவது நான். காய்ச்சலும் என்னுடையது மட்டும். படிவத்தில் என் பெயரை எழுதிவிட்டேன், எழுத்துகூட நன்றாக வந்தது. சித்தி மாடிச் சாவிக்கு நகல் எடுத்துவிட்டாராம், தடுக்க முடியவில்லை, மன்னிக்கவும். அந்த அறையில் இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறதா? திங்கட்கிழமையிலிருந்து பத்து ஐந்துக்கு வந்துவிடுவேன்.