பிங்பாங் மேசையும் மூன்று கைதட்டலும்

எங்கள் தெருக் கூடத்திலிருந்து பிங்பாங் மேசையை எடுப்பதென்றால் என் பிணத்தைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும் என்று நான் அறிவித்தேன். அறிவித்த இடம் எங்கள் ஊரான சலாத்திகாவில், நான் வேலை பார்க்கும் தண்ணீர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடை. என் மனைவி வினார்த்தி அங்கே இல்லை. அவள் இருக்கும் இடத்தில் நான் பிணத்தைப் பற்றியெல்லாம் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து சுரபாயாவுக்குப் போய்விட்டார்கள். வீடு காலியானதும் மற்றப் பெண்கள் பூச்செடி வளர்ப்பார்கள். வினார்த்தி மழலையர் பள்ளி ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்தாள். தெருவில் பாதித் தாய்மார்கள் தையல் ஆலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் டோஃபு கடை வாசலில், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே புரள்கின்றன. அதுகளுக்கு ஒரு பள்ளி வேண்டும், பள்ளிக்கு ஒரு கூரை வேண்டும், தெருவில் சும்மா கிடக்கும் கூரை கூடம் ஒன்றுதான் என்றாள்.

சும்மா கிடக்கிறதாம். தினமும் சாயங்காலம் நாங்கள் வியர்க்க விறுவிறுக்க ஆடுகிறோமே, அது கணக்கில் இல்லை. தச்சன் கூடத்துக்குள்ளேயே வைத்துச் செய்த மேசை அது. அறுத்தால்தான் வாசல் வழியே வெளியே வரும். உலகத்தில் நான் ஜெயிக்கிற ஒரே இடமும் அதுதான்.

ஆனால் எனக்குப் பயமில்லை. எங்கள் தெருக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. தலைவர் கிமின் ஐயா, எங்கள் வழக்கில் பாக் கிமின், ஒன்றைச் சொல்லிவிட்டு நாலு பக்கமும் பார்ப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம். முதல் ஆளாக மறுத்துப் பேச எங்கள் ஜாவாக்காரர்களுக்குக் கூச்சம். இரண்டாவது ஆளாகப் பேச எல்லோரும் தயார். “நீங்க ஆரம்பிச்சு வைங்க பாக் ப்ரசோஜோ, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்” என்று ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, நான் வாயைத் திறந்தால் போதும். மேசை பிழைத்தது.

இதற்கிடையில் ஒரு நாள் வினார்த்தி, “வீட்லயும் பழகிப் பாக்கச் சொல்லியிருக்காங்க. ஒரு குழந்தை வேணும்” என்றாள்.

“இந்த வயசிலயா?”

“நீங்களே போதும்.”

அந்த நிமிடமே என் மூளையில் ஒரு திட்டம் உதித்தது. ஜாவாத் தீவிலேயே மோசமான குழந்தையாக நடந்துகொள்வது. ஒரே வாரத்தில் அவளுக்கு இந்தத் தொழிலே வெறுத்துப் போக வேண்டும்.

முதல் நாளே தட்டைத் தள்ளிவிட்டேன். “எனக்குச் சோறு வேணாம்.”

“சரி. தெம்பேயை முதல்ல சாப்பிடறீங்களா, கீரையை முதல்ல சாப்பிடறீங்களா?”

“தெம்பே.” பொரித்த சோயாக் கட்டி என்றால் எனக்கு உயிர்.

சோறு வேண்டாம் என்று சொன்னது, கீரையையும் வழித்துத் தின்று கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் தரையில் விழுந்து காலை உதைத்தேன். பழைய வினார்த்தியாக இருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பாள். புதிய வினார்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “கோவமா இருக்கீங்க, இல்ல? கோவப்படலாம், தப்பில்ல” என்றாள். இத்தனை வருடக் குடும்பத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உதைப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

அதன் பிறகு வந்தது கைதட்டல். எங்கள் பக்கத்து மழலையர் பள்ளிகளில் கைதட்டாமல் ஒரு காரியமும் நடக்காது. பாடக் கைதட்டல், கை கழுவக் கைதட்டல், வீட்டுக்குப் போகக் கைதட்டல். எல்லாவற்றுக்கும் மேலே அமைதிக் கைதட்டல். டீச்சர் மூன்று முறை தட்டினால் பேச்சை விட்ட இடத்திலேயே விட்டுக் கையைக் கட்டி, உதட்டில் விரல் வைத்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சூடாக ஒரு பொரித்த வாழைப்பழம் கிடைக்கும். வாழைப்பழம் மற்றக் குழந்தைகளுக்குக் கிடையாது. எனக்கு மட்டும்.

வாழைப்பழத்துக்காகத்தான் கையைக் கட்டினேன், வேறொன்றும் இல்லை. நோன்புப் பெருநாள் போனது. வீட்டுப் பயிற்சி குறையவில்லை. சொல்லப் போனால் கூடியது. நான் குளித்துக்கொண்டே பாடும்போது வெளியிலிருந்து தட்டினாள். தொலைபேசியில் மேலதிகாரியோடு பேசும்போது தட்டினாள். படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு அவள் மேல் பரிதாபமே வந்தது. கூடம் கிடைக்காதபோது பாவம், எவ்வளவு வருத்தப்படுவாள்.

தெருக் கூட்டம் வந்தது. ஆண்கள் பாயில், பெண்கள் பின்னால் தேநீர்த் தட்டுகளோடு. பாக் கிமின் மழலையர் பள்ளி விஷயத்தைச் சொல்லிவிட்டு நாலு பக்கமும் பார்த்தார். என் ஆட்டக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன்.

“தலைவர் அவர்களே, அந்த மேசை வெறும் மேசை இல்ல. அது இந்தத் தெருவோட…”

பின்னாலிருந்து மூன்று கைதட்டல்.

என் கைகள் கட்டிக்கொண்டன. விரல் உதட்டுக்குப் போய்விட்டது. பொத்தென்று உட்கார்ந்தேன். மானக்கேடு என்னவென்றால், வாயில் எச்சில் வேறு ஊறியது.

பாக் கிமின் என்னை உற்றுப் பார்த்தார். அவருக்குக் குரல் தழுதழுத்தது.

“பாருங்க எல்லாரும். பொண்டாட்டிக்காகத் தன் ஆட்டத்தையே விட்டுக் கொடுக்கறார். துக்கம் தாங்காம பேச்சு வரல. இவரே சம்மதிச்சுட்டார், வேற யாருக்காவது மறுப்பு உண்டா?”

இரண்டாவது ஆளாகப் பேச வந்தவர்கள் முதல் ஆளைப் பார்த்தார்கள். முதல் ஆள் உதட்டில் விரல் வைத்திருந்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு என் தியாகத்தைப் பாராட்டி மொத்தக் கூட்டமும் கை தட்டியது. அது ஓயும்வரை என்னால் விரலை எடுக்க முடியவில்லை. மேசையை அறுத்துக் குழந்தைகளுக்குக் குட்டி மேசைகள் செய்வதென்று முடிவானது. தையல் ஆலைக்குப் போகும் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவளிடம் என்ன சொல்வது? பரவாயில்லை என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நாலு பேர் முன்னாடி வீட்டுப்பாடம் பண்றதா? அதுவும் உன் பயிற்சியே இன்னும் முடியல, அதுக்குள்ள உனக்குக் கூடம் எதுக்கு?”

வினார்த்தி நடையை நிறுத்தாமலே சொன்னாள்:

“என் பயிற்சி பெருநாளுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சுங்க. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கு.”