வாயில் பஞ்சு, காலடியில் பிரேக்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வலது தாடையைத் தவிர மற்ற எல்லாரும் நலம். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். வாய் இன்னும் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். இது என் மகளைப் பற்றிய புகார். படித்துவிட்டு நீ உடனே புறப்பட்டு வரவேண்டும்.

முதலில் பல். ஞானப்பல் பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் முளைக்குமாம். என்னுடையது இத்தனை நாள் ஈறுக்குள்ளேயே பதுங்கியிருந்து ஐம்பத்து மூன்றில் தலைகாட்டியது. "இப்பவாவது வந்துதே" என்றாள் என் மனைவி. நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். வந்ததும் நேராக வந்ததா? இடமில்லாமல் பக்கத்துப் பல்லின்மேல் சாய்ந்து படுத்துவிட்டது. எக்ஸ்ரேயில் பார்த்தால், சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்து மாட்டிக்கொண்ட வண்டி மாதிரியே இருந்தது. எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றாள் பல் டாக்டர். அவள் யார் தெரியுமா? எட்டு வருஷத்துக்கு முன்னால் என் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு, டெஸ்டில் இரண்டு தடவை தோற்றுப்போன பெண். அப்போது நான் போட்ட சத்தமெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை. "தலையை நேரா வைங்க சார். தோளை இறுக்காதீங்க. பதறாதீங்க, நான் பக்கத்துலதான இருக்கேன்." அத்தனையும் என் வசனம். ஊசி போட்டதும் பாதி உதடு எங்கே போனதென்றே தெரியவில்லை. வலித்தது என்று சொன்னால் பொய். அமுக்குவதும் அசைப்பதும் தெரிந்தது, மண்டைக்குள் மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பல்லை மூன்று துண்டாக்கி எடுத்து, இரண்டு தையல் போட்டு, மடித்த பஞ்சை வைத்தாள். "ஒரு மணி நேரம் இறுக்கிக் கடிச்சிருக்கணும். பேசக்கூடாது, துப்பக்கூடாது, ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சக்கூடாது. முக்கியமா, இன்னிக்கு வண்டி ஓட்டக்கூடாது." கடைசி வரியை மட்டும் நிறுத்தி, ரசித்துச் சொன்னதாக எனக்குப் பட்டது.

துணைக்கு வந்திருந்த என் மகள் என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த கதைதான் உனக்குத் தெரியுமே. பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் நடுரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அன்றிலிருந்து, அவளுக்கு வண்டி வராது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோயாளிகள் வீடுவீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுக்கும் வேலைக்கு அவள் மனுப்போட்டபோது, கார் ஓட்டத் தெரியாதவளுக்கு அது எதற்கு என்று நீயும் சேர்ந்து சொன்னாய். என் பேச்சை நம்பித்தான் சொன்னாய். இப்போது அவள் டிரைவர் சீட்டில். நான் பக்கத்து சீட்டில். வண்டி எங்கள் பழைய பயிற்சிக் கார், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருஷமாக நான் மிதித்த பிரேக். ஆனால் அது மட்டும் போதாது அக்கா, கூடவே வாயும் வேண்டும்.

கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட் போட்டாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள், எடுத்தாள். வண்டி உதறவே இல்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "ம்ம் ம்ம்ம்" என்றுதான் வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. "மீசைக்காரர்கிட்ட கத்துக்கிட்டேன்பா. மூணு மாசம். போன மாசம் லைசென்ஸ் வந்துடுச்சு." அந்த மீசைக்காரன் என்னிடம் ஆறு வருஷம் வேலை பார்த்து, என் மாணவர்களில் பாதிப்பேரை இழுத்துக்கொண்டு போய் எதிர்த்தெருவில் ஸ்கூல் திறந்தவன். பஞ்சை இன்னும் இறுக்கிக் கடித்தேன். டாக்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள். அந்த நேரம் பார்த்து, ரவுண்டானாவில் ஒரு லாரி மூக்கை நீட்டியது. என் கால் என்னைக் கேட்காமல் மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி, நட்டநடுவில் எஞ்சின் அணைந்து நின்றது. பின்னால் ஆறேழு ஹாரன். இந்த இடத்தில் என் மாணவர்கள் அழுவார்கள், நான் கத்துவேன். அவள் அழவில்லை. நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள், ஸ்டார்ட் செய்தாள். "லாரியை நான் பார்த்துட்டேன்பா. காலை எடுங்க." நான் எடுக்கவில்லை. "எப்பவும் எனக்கு முன்னாடி நீங்க மிதிச்சுடறீங்க. அப்புறம் எனக்கு வராதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க. நான் எப்பப்பா மிதிக்கிறது?"

சொல்வதற்கு என்னிடம் நூறு பதில் இருந்தது. பதில் சொல்ல முடியாமல் போனதால், அவள் கேட்டதை முழுசாகக் கேட்க வேண்டியதாயிற்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது அக்கா. காலை இழுத்து சீட்டுக்கடியில் மடக்கிக்கொண்டேன். வீடு வரைக்கும் அவளே மிதித்தாள். ஒரு இடத்தில்கூடத் தப்பு சொல்ல முடியவில்லை, தேடித்தான் பார்த்தேன்.

அதற்காக விட்டுவிட முடியுமா? பஞ்சை எடுத்ததும் ஒரு பாட்டம் திட்டுவது என்றுதான் இருந்தேன். மரத்துப்போன உதட்டை வைத்துக்கொண்டு திட்டினால் எச்சில்தான் வழிந்தது. மனைவி துண்டை நீட்டினாள். மூன்று நாளாக ஆறிப்போன சூப்பும் உப்புத்தண்ணீர்க் கொப்பளிப்பும்தான். வீக்கத்தில், கண்ணாடியில் ஒரு பக்கம் நான் தெரிகிறேன், மறுபக்கம் என் மாமனார் தெரிகிறார். இதற்கு நடுவில் அந்த வேலை அவளுக்குக் கிடைத்தேவிட்டது. வருகிற திங்கட்கிழமை சேரவேண்டுமாம். மீசைக்காரனிடம் கற்றவளை எந்த நம்பிக்கையில் நான் தனியாக ரோட்டில் விடுவது? நான் சம்மதிக்கப்போவதில்லை, இது உறுதி. அத்தை என்ற முறையில் நீ வந்து நாலு வார்த்தை சொல்லி நிறுத்து. நீ சொன்னால் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லாருடைய பல்லும் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட அவள்தான் என்னைக் காரில் கூட்டிப்போகிறாள். நீ வருகிற ரயிலின் நேரத்தைப் போனில் சொல்லிவிடு, ஸ்டேஷனுக்கு அவளே வருவாள். திங்கட்கிழமைக்கு முன்னால் வந்துவிடு, அப்புறம் அந்தக் கார் அவளோடு வேலைக்குப் போய்விடும். முன்சீட்டில் தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொள். அந்தப் பக்கத்துப் பிரேக்கை நேற்று மெக்கானிக்கிடம் சொல்லிக் கழற்றிவிட்டேன். பல்லை எடுத்தபோது வலிக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா, இதற்குக் கொஞ்சம் வலித்தது.