நார்வலின் கொடி போன இடம்

அன்புள்ள மெர்ல் தம்பிக்கு,

அண்ணி ஆர்டித் எழுதுவது. மின்னசோட்டாவில் நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. அரிசோனா வெயிலில் நீ வாடாமல் இருக்க வேண்டுகிறேன். உன் அண்ணன் நார்வலின் சவப்பெட்டிக்குப் போர்த்திய கொடியை உனக்குத் தராமல் கல்லறைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீ என்னோடு பேசுவதில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசாமல் இரு.

கடற்படைக்காரர்கள் நட்சத்திரம் மட்டும் தெரிகிற மாதிரி அதை முக்கோணமாக மடித்து என் மடியில் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆசையாகப் பிரித்தேன். கூடம் முழுக்கக் கொடி. நார்வல் உயிரோடு இருந்தபோதுகூட அவ்வளவு இடத்தை அடைத்ததில்லை. திரும்ப மடித்தால் சிவப்புக் கோடு வெளியே வந்தது. இன்னொரு முறை மடித்தால் தலையணை மாதிரி வந்தது, பூனை ஏறிப் படுத்துக்கொண்டது. பூனையை விரட்டிவிட்டு வாசலில் மாட்டினேன். கதவும் ஜன்னலும் தபால் பெட்டியும் மறைந்துபோய், வீட்டில் ஆள் இல்லை என்று தபால்காரர் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கொடி எனக்கு வேண்டும் என்று நீ எழுதியது அதில் போயிருக்கும்.

கடைசியில் தலையணை உறையில் திணித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இறந்த படைவீரர்களின் குடும்பங்கள் கொடுத்த கொடிகளை, மே மாதப் படைவீரர் நினைவு நாளன்று பாதையின் இருபுறமும் ஏற்றுவார்கள் அல்லவா? அதற்குப் பொறுப்பாளர் வெண்டல், பழைய சிப்பாய். மடிக்க வரவில்லை என்று வெட்கத்தோடு நீட்டினேன்.

"அதனால என்னங்க, இங்க யாரும் மடிச்சு வைக்கப் போறதில்ல. பறக்க விடத்தான் போறோம்" என்றார்.

உன் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது பறக்காது, தம்பி. அதனால்தான் கொடுத்தேன்.

நினைவு நாள் காலையில் நார்வல் பெயர் எழுதிய கம்பத்தில் ஏற்றினார்கள். நல்ல காற்று. மேயர் பாதி பேசும்போது மழை பிடித்துக்கொண்டது. கொடி நனையக் கூடாது என்று எல்லோரும் ஓடினோம். வெண்டல் அவிழ்த்து அவிழ்த்து அகப்பட்டவர்கள் கையில் திணித்தார். "இறுக்கிப் பிடிச்சுக்கங்க, தரையில படக் கூடாது" என்று என்னிடமும் ஒன்றைக் கொடுத்தார். நனைந்த துணி ஆள் கனம் கனத்தது.

அடக்கத்தன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று நீ சொன்னதாகக் கேள்வி. உண்மைதான், அன்று வரவில்லை. நினைவு நாளன்றுதான் காரில் உட்கார்ந்து, அந்த ஈரக் கொடியைக் கட்டிக்கொண்டு, மழை விட்ட பிறகும் அழுதேன். மூக்கைத் துடைக்க வேறு துணி தேட வேண்டியிருந்தது. இப்போது மனசு லேசாக இருக்கிறது. கொடி குளியலறையில் காய்கிறது.

நீயும் குடும்பமும் எந்தக் குறையுமில்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டும்,
அண்ணி ஆர்டித்

பின்குறிப்பு: கொடியைத் தேய்க்க எடுத்தபோது ஓரத்தில் எழுதிய பெயரைப் பார்த்தேன். கிளிஃபர்ட் ஹவுஜ். உன் அண்ணனுக்கு ஓட்டைப் படகை விற்ற அதே ஆள். நார்வலுடையது கிளிஃபர்டின் மனைவி டோரீன் வீட்டில் காய்கிறதாம். அவளும் நன்றாக அழுதாளாம். எனக்கு இன்னொரு தடவை அழத் தெம்பில்லை. நீ புறப்பட்டு வா. நார்வலுக்கு நம் வீட்டில் இன்னும் யாரும் அழவில்லை.