சுருள்முடிப் புனிதர்

ஓசியில் கிடைப்பதையெல்லாம் கடவுளே அனுப்பியதாக நம்பும் வியாதி எனக்கு உண்டு.

துபாயில் எங்கள் கட்டிடத்தில் ஃபிளாட்டைக் காலி செய்துகொண்டிருந்த பிரெஞ்சுக்காரரிடம் செருப்பு ஸ்டாண்ட் வாங்கப் போனேன். கூடவே ஒரு பழைய படத்தையும் கையில் திணித்தார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது, முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழசு என்றார். நான் எங்கே காதில் வாங்கினேன்? நீள்வட்டச் சட்டம், தோளில் புரளும் சுருள்முடி, புத்தகத்தின் மேல் ஒரு கை, கீழே லத்தீன். தூத்துக்குடிக் கடற்கரையில் மாதா கோவில் சுரூபங்களைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, இவர் புனிதர்தான் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்போது என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ் லைசென்ஸ் பரீட்சையில் ஒருமுறை தோற்றிருந்தாள். இன்னொரு முறை தவறினால் அவள் ஊரில், நான் இங்கே. தூக்கத்தில்கூட மருந்தளவுகளை முனகுவாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

"இவரு யாருங்க?"

"படிப்புக்குள்ள புனிதர். கையில புத்தகம் இருக்குல்லா." (என்ன துணிச்சல்!)

கிட்டே போய்ப் பார்த்தாள். கன்னம், நெற்றி, நிழல் எல்லாமே மயிரிழைக் கோடுகள். கோடு நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். "முகம் பூரா நரம்பால்லா ஓடுது. இவருக்கு ஊசி போடுகது லேசு" என்றாள். அன்றே மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை. ரோமில் படித்த எங்கள் ஊர் ஃபாதர் விருந்தாளியாக வந்திருந்தார். நான் பெருமையாகப் படத்தைக் காட்டினேன். லத்தீனை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"இவரு பிரான்ஸ் ராஜாவுக்கு வரி வசூலிச்ச அதிகாரி, தம்பி. அந்தக் காலத்துப் பெரிய மனுசங்க இப்படிச் செதுக்க வச்சு, அச்சடிச்சு, தெரிஞ்சவங்களுக்குக் குடுப்பாங்க. தலையில இருக்கது விக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். நாளைக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு இவளை உடைத்துவிட்டேனே என்று பயந்துவிட்டேன். கையை எடுத்தாள். சிரிப்பு! பல மாதமாக நான் கேட்காத சிரிப்பு.

"இயேசு சீடராக் கூப்பிட்ட மத்தேயுவும் வரி வசூலிச்சவருதான ஃபாதர்? இவரும் இருந்துட்டுப் போட்டும்" என்றாள். அன்று முனகாமல் தூங்கினாள்.

பாஸாகிவிட்டாள். படம் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. எந்தக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாலும் மாமியார் என்னைப் புது ஆட்களுக்கு இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "வருமான வரியே இல்லாத ஊருல வரி ஆபீசருக்கு மெழுகுதிரி கொளுத்துன மாப்பிள்ளை இவருதான்." ஒவ்வொரு தடவையும் ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாள். அதைப் பார்க்க இன்னும் பத்து அதிகாரிகளைக்கூடக் கொண்டுவந்து மாட்டுவேன்.